ஃபிரிட்சியெல்லாவும் ஸ்பைரோகைராவும்

எம்.எஸ்சி. படிக்கும்போது ஃபிரிட்சியெல்லா படம் வரைந்து வரைந்து கை பழகிவிட்டது. ஈரமண்ணுக்குள் கிழங்கு மாதிரி திரண்ட செல்கள், கீழே வேரிழை, மேலே மண்ணைவிட்டு எழும்பும் கிளைக்கொத்து. பாசியியலாளர் எம்.ஓ.பி. அய்யங்கார் 1932-ல் விவரித்து, இன்னொரு பாசியியலாளரான ஃபிரிட்ச் பெயரைச் சூட்டிய பச்சைப்பாசி. தரைத்தாவரங்களின் மூதாதை இதன் சாயலில்தான் இருந்திருக்கும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் நடத்தினேன்.

அந்த எண்ணத்தை மாற்றியது உட்கரு பிரியும் விதம். 1960-களின் கடைசியிலிருந்து பிக்கெட்-ஹீப்ஸ் போன்ற ஆய்வாளர்கள் பிரிந்துகொண்டிருக்கும் பாசி செல்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். காரா என்ற பச்சைப்பாசியில் இரண்டு சேய் உட்கருக்களும் விலகியே நிற்கும். நடுவில் நுண்குழல்கள் (செல்லுக்குள் இருக்கும் மெல்லிய புரதக் குழாய்கள்) புதுச் சுவருக்குச் செங்குத்தாக நிற்கும். தரைத்தாவரமான வெங்காயத்தின் வேர்நுனியிலும் இதே கதைதான். இதற்கு ஃப்ராக்மோபிளாஸ்ட் என்று பெயர். கிளமிடோமோனாஸ் என்ற ஒருசெல் பச்சைப்பாசியின் கூட்டத்தில், உட்கருவைப் பிரிக்கும் நுண்குழல் கட்டான கதிர்கோல் சீக்கிரமே கலைந்துவிடும், சேய் உட்கருக்கள் ஒன்றையொன்று நெருங்கிவரும், நுண்குழல்கள் சுவர் வரப்போகும் தளத்திலேயே படுத்திருக்கும். அது ஃபைகோபிளாஸ்ட். ஸ்டூவர்ட், மேட்டாக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதையும், பாசி செல் நீந்த உதவும் கசையிழையின் அடிப்பகுதி அமைப்பையும் வைத்துத்தான் 1975-ல் பச்சைப்பாசிகளைப் புதிதாக வகுத்தார்கள். ஃபிரிட்சியெல்லாவில் இருப்பது ஃபைகோபிளாஸ்ட். அதன் உடல் தரைச்செடியை ஒத்திருப்பது தனியாக வந்த சாயல், சொந்தத்தால் வந்ததல்ல. பாசியின் வெளித்தோற்றத்தை நம்பி உறவு சொல்லக்கூடாது என்று மாணவர்களிடம் நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

சரி, நம் குளத்தில் பச்சை இழையாக மிதக்கும் பாசியான ஸ்பைரோகைரா எந்தப் பக்கம்? அங்கேதான் எனக்கு ஆசை அதிகம். சுவர் வெளியிலிருந்து வளையமாக உள்நோக்கி வளரும். கடைசியில் நடுவில் ஒரு சின்ன ஃப்ராக்மோபிளாஸ்ட் வந்து வேலையை முடிக்கும். மரபணு வரிசைகளும் இந்தக் கூட்டத்தைத்தான் தரைத்தாவரங்களுக்கு மிக நெருங்கிய உறவாகக் காட்டுகின்றன.

நுண்குழல்கள் எங்கள் நுண்ணோக்கியில் தெரியாது. ஆனால் உட்கரு தெரியும். ஸ்பைரோகைரா பெரும்பாலும் இரவில்தான் பிரியும் என்பதால் போன வாரம் பிள்ளைகளோடு லேபிலேயே தங்கி, மணிக்கொருதரம் கொஞ்சம் இழை எடுத்து, செல்கள் அந்த நிலையிலேயே நிற்க அசிட்டிக் ஆல்கஹாலில் போட்டோம். அப்புறம் இரும்பு கலந்த அசிட்டோகார்மைனில் சாயமேற்றிப் பார்த்தால், செல்லின் நடுவே நூல் கட்டித் தொங்கவிட்டதுபோல உட்கரு, அதற்குள் அடர்சிவப்பாக நியூக்ளியோலஸ் என்ற உட்கருமணி. பதினோரு மணி மாதிரியில் ஒரே ஒரு செல் கிடைத்தது: இரண்டு உட்கருக்கள், இருபுறமிருந்தும் உள்ளே வரும் சுவர், நடுவில் இன்னும் மூடாத இடைவெளி. கவர்ஸ்லிப்பைச் சுற்றி நெயில் பாலிஷ் பூசி அந்த ஸ்லைடைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.