டோலரைட்டா, பசால்ட்டா? ஒரு கருங்கல்லால் அரியர் வாங்கியவன் எழுதுவது

நேத்து சாயங்காலம் ரிசல்ட் வந்தது. பெட்ராலஜி (பாறையியல்) பிராக்டிகல் பாஸ். ஒரு வருஷம் தலையில் உட்கார்ந்திருந்த கல் இறங்கிவிட்டது. நிஜமாகவே கல்தான், உள்ளங்கை அகலத்தில் கருப்பாக ஒன்று. போன தடவை ஸ்பாட்டர் மேஜையில், அதாவது கல்லைப் பார்த்துப் பெயர் எழுதும் இடத்தில், அதைப் பார்த்ததுமே கை தானாக ‘பசால்ட்’ என்று எழுதிவிட்டது. எடுத்துத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அது டோலரைட். பெயர் தப்பினால் கீழே எழுதிய டெக்ஸ்சர் (படிகங்களின் அளவும் அமைப்பும்), உருவான விதம் எல்லாம் கூடவே போய்விடும். போயிற்று.

இத்தனைக்கும் அப்பா வேலை பார்ப்பது கிரானைட் பாலிஷ் பட்டறையில். ‘பிளாக் கிரானைட்’ என்று வந்து இறங்குவது பெரும்பாலும் டோலரைட், இல்லாவிட்டால் அதன் உறவான காப்ரோ என்ற கல். சின்ன வயதிலிருந்து அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான்!

டோலரைட், பசால்ட் இரண்டுக்கும் கனிமம் ஏறக்குறைய ஒன்றுதான்: பிளாஜியோகிளேஸ், பைராக்சின். சிலிக்காவும் 45 முதல் 52 சதவீதத்துக்குள். அதனால் கனிமப் பட்டியலை மனப்பாடம் செய்து இவற்றைப் பிரிக்கவே முடியாது. வித்தியாசம் உருகிய பாறைக் குழம்பு ஆறிய வேகத்தில் இருக்கிறது. பாகைத் தட்டில் ஊற்றினால் சீக்கிரம் இறுகிவிடும். பானையில் நாள்கணக்கில் விட்டால் கற்கண்டு திரளும். தரைமேல் ஓடி ஆறியது பசால்ட். அதிக ஆழமில்லாத வெடிப்புகளில் டைக்காக (சுவர் மாதிரி) புகுந்து கொஞ்சம் நிதானமாக ஆறியது டோலரைட். இன்னும் ஆழத்தில், இன்னும் மெதுவாக ஆறியது காப்ரோ.

இந்தத் தடவை செய்தது:

- கல்லை ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். டியூப்லைட் வெளிச்சம் ஏமாற்றும்.
- வெளிறிப்போன மேல்தோலை விட்டுவிட்டு, புதிதாக உடைந்த முகத்தைத் தேடினேன்.
- லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்து, கல்லை அதனிடம் கொண்டுவந்தேன். லென்ஸைக் கல்மேல் வைத்துக் குனிகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.
- மெதுவாகச் சாய்த்தேன்.

சாய்க்கும்போது கருப்புக்கு நடுவே சாம்பல் நிறத்தில் மெல்லிய குச்சிகள் பளிச் பளிச்சென்று மின்னி அணைந்தால், அவை பிளாஜியோகிளேஸ். மணிகள் (படிகத் துகள்கள்) லென்ஸில் தனித்தனியாகத் தெரிந்து, காப்ரோ அளவுக்குப் பெரிதாக இல்லாவிட்டால் டோலரைட் என்று தைரியமாக எழுதலாம். எவ்வளவு சாய்த்தாலும் மங்கலாக ஒரே கருப்பாக இருந்தால் பசால்ட். அதில் குமிழி ஓட்டைகளோ, அவற்றை அடைத்த சியோலைட் என்ற வெள்ளைக் கனிமமோ இருந்தால் சந்தேகமே வேண்டாம். தக்காண எரிமலைக் குழம்பு ஓட்டங்களில் அது நிறையவே உண்டு. ஒரே ஒரு பொறி: பசால்ட்டிலும் அங்கங்கே பெரிய படிகம் இருக்கலாம். அதை விட்டுவிட்டு, சுற்றியுள்ள மாவு போன்ற பகுதியைப் பாருங்கள்.

நிறத்தைக் கடைசியாகத்தான் எழுதுவேன். எரிமலைக் கண்ணாடியான அப்சிடியனும் கருப்புதான், ஆனால் சிலிக்கா கிரானைட் அளவுக்கு இருக்கும்.

மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் மெல்லிய கல் ஸ்லைடில், பெரிய ஆகைட்டுக்குள் (ஒரு வகை பைராக்சின்) பிளாஜியோகிளேஸ் குச்சிகள் செருகியிருந்தால் அந்த டெக்ஸ்சருக்குப் பெயர் ஆஃபிட்டிக். இது டோலரைட்டின் கையெழுத்து மாதிரி. படம் வரையும்போது குச்சிகளை முதலில் போட்டுவிட்டு, ஆகைட்டைச் சுற்றி வளையுங்கள். நான் தலைகீழாக ஆரம்பித்து மூன்று தாள் கிழித்தேன்.

அட்டவணை போட்டு மனப்பாடம் செய்த என் அறைத்தோழன் முதல் தடவையே பாஸ். அவனுக்கு அது ஒத்துவரும். எனக்குக் கல்லைத் தொடாமல் மண்டையில் ஏறாது.

இந்தத் தடவை வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் கேட்டது: “சமையல் மேடையில் போடுகிற கருப்புக் கிரானைட், கிரானைட்டா?” இல்லை சார், கிரானைட்டில் நிறைய இருக்கிற குவார்ட்ஸ் அதில் இருந்தாலும் துளிதான் என்றேன். “யார் சொன்னது?” என்றார். பட்டறையைச் சொன்னேன். அடுத்த கேள்வியே வரவில்லை.