ஹீத்ரோ 27ஆர்: கடைசி 1000 அடி விக்கல் ஒருவழியாக நின்றது

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 (விமானம் ஓட்டும் கணினி விளையாட்டு), ஃப்ளைபைவயர் ஏ32என்எக்ஸ் (அதற்கான இலவச ஏர்பஸ் ஏ320நியோ), லண்டன் ஹீத்ரோவின் 27ஆர் ரன்வே. 1000 அடியிலிருந்து டச்டவுன் வரை ஒரு ஸ்டட்டர்கூட (படம் திக்கி நிற்பது, அதாவது விக்கல்) இல்லாமல் தொடர்ந்து ஆறு முறை இறங்கியாயிற்று. கார்டு மாற்றவில்லை, ராம் கூட்டவில்லை. ரைசன் 5 3600, 16 ஜிபி, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், 60 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டர், எல்லாம் பழையதுதான். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற எண்) 45-லிருந்து 30-க்கு இறங்கியிருக்கிறது. இறக்கியதால்தான் விக்கல் நின்றது.

இந்த இறங்குபாதை ஏன் இவ்வளவு படுத்துகிறது என்றால், மேற்கு நோக்கி இறங்கும்போது லண்டன் நகரத்தின் தலைமேலேயே வருகிறோம். 2021 பிப்ரவரியில் வந்த பிரிட்டன் வேர்ல்ட் அப்டேட்டில் லண்டனுக்கு ஃபோட்டோகிராமெட்ரி, அதாவது வான்வழிப் படங்களிலிருந்து கட்டிய முப்பரிமாணக் கட்டிடங்கள். அதைத் தாண்டியதும் வரிசையாக விமானங்கள் நிற்கும் பெரிய ஏர்போர்ட். 3000 அடியில் வெண்ணெய் மாதிரி ஓடுவது 500 அடியில் திக்க ஆரம்பித்து, சரியாக ஃபிளேர் செய்யும் (தரை தொடுமுன் மூக்கைத் தூக்கும்) நேரத்தில் அரை நொடி உறைந்து நிற்கும். மறுபடி படம் நகரும்போது சக்கரம் தரையில் இருக்கும், நிமிடத்துக்கு 600 அடி வேகத்தில்.

இங்கே எல்லோரும் முதலில் கை வைப்பது மேகம், நிழல், ரிஃப்ளெக்‌ஷன். அதற்கு முன்னால் டெவலப்பர் மோடைப் போட்டு எஃப்பிஎஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள். "லிமிட்டட் பை மெயின் த்ரெட்" (ப்ராசசரின் முக்கிய வேலைவரிசைதான் தடை) என்று இருந்தால் மேகத்தை எவ்வளவு குறைத்தாலும் ஒரு ஃப்ரேம்கூடக் கூடாது. இந்த மெஷினில் 500 அடியில் ஒரு ஃப்ரேமுக்கு மெயின் த்ரெட் 41 மில்லிசெகண்ட், கிராபிக்ஸ் கார்டு 22. அதாவது ப்ராசசர் மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, கார்டு வேலையை முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறது. சோதனைக்காக மேகத்தை மீடியத்திலிருந்து ஹைக்கு ஏற்றியும் எஃப்பிஎஸ் அசையவில்லை. அப்படியே விட்டுவிட்டேன், இலவசமாகக் கிடைத்த அழகு.

இனி கணக்கு. இதைப் புரிந்துகொள்ளாமல் செட்டிங்கைத் திருகுவது வீண் வேலை. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் புதுப் படம் காட்டும். வீசிங்க் (ஃப்ரேமை மானிட்டரின் சுற்றோடு ஒத்துப்போக வைக்கும் செட்டிங்) போட்டிருந்தால், ஒரு ஃப்ரேம் 33.3-க்குள் தயாரானால் இரண்டாவது சுற்றில் ஏறிக்கொள்ளும். 34 ஆகிவிட்டால் மூன்றாவது சுற்று வரை, அதாவது 50 மில்லிசெகண்ட் வரை காத்திருக்க வேண்டும். பஸ்ஸை ஒரு நிமிடத்தில் விட்ட கதைதான். ஆக 32, 35, 31, 36 என்று வரும் ஃப்ரேம்கள் திரையில் 33, 50, 33, 50 என்று விழுகின்றன. சராசரி எஃப்பிஎஸ் 24 என்று கௌரவமாகத்தான் காட்டும், கண்ணுக்கு மட்டும் தள்ளுவண்டி மாதிரி இருக்கும். எனவே இலக்கு அதிக எஃப்பிஎஸ் அல்ல. மிக மோசமான ஃப்ரேமும் 33.3-க்குள் அடங்க வேண்டும், கொஞ்சம் இடமும் மிச்சம் இருக்க வேண்டும். எனது அளவுகோல் 27.

சோதிக்கும் முறை ஒன்றாக இருந்தால்தான் எண்களை ஒப்பிட முடியும். கிளியர் ஸ்கைஸ், பகல் 12 மணி, லைவ் டிராஃபிக் இல்லை. வேர்ல்ட் மேப்பில் 27ஆர் ஐஎல்எஸ்-ஐ (ரன்வேக்கு வழிகாட்டும் ரேடியோ அமைப்பு) தேர்ந்து, அடியில் உள்ள பட்டியில் ஃபைனல் கட்டத்தைச் சொடுக்கி நேராக அங்கேயே தொடங்கலாம். சேவ் செய்த ஃப்ளைட்டை நம்ப வேண்டாம், இந்த வகை ஏர்லைனர்களின் சிஸ்டம் நிலை அதில் ஒழுங்காகப் பதிவதில்லை. ஐஎல்எஸ் அலைவரிசை 110.30 போட்டு ஆட்டோபைலட்டிடம் விட்டுவிட்டு எண்ணை மட்டும் பார்க்கலாம். ஒரு தடவைக்கு ஒரு செட்டிங், அதற்கு மேல் கூடாது. டிரைவர் அப்டேட் செய்திருந்தால் முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஷேடர்கள் (கார்டில் ஓடும் சின்ன நிரல்கள்) புதிதாகக் கம்பைல் ஆகும், அந்த விக்கல் வேறு ரகம்.

டெரெய்ன் எல்ஓடிதான் (எவ்வளவு தூரம் வரை நிலத்தை நுணுக்கமாக வரைவது என்ற செட்டிங்) மூலகாரணம். 200-லிருந்து 100-க்கு இறக்கியதும் 41 என்றிருந்தது 32 ஆனது. வேறு எந்த ஒற்றைச் செட்டிங்கும் இதில் பாதிகூடத் தரவில்லை. தூரத்தை இரண்டு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்கு, அத்தனை துண்டுகளையும் மெயின் த்ரெட் வரிசைப்படுத்தி அனுப்ப வேண்டும். 35,000 அடியில் 200 வேண்டும்தான், இல்லையென்றால் தூரத்து மலை மெழுகு மாதிரி உருகித் தெரியும். 500 அடியில் கண் ரன்வேயில் இருக்கிறது, யாருக்கு வேண்டும் 200? உயரத்துக்கு ஏற்ப இதைத் தானாக மாற்றும் ஆட்டோஎஃப்பிஎஸ் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. அதை அடுத்த கட்டத்துக்கு வைத்திருக்கிறேன். கையால் சரிசெய்த எண் கையில் இல்லாமல் தானியங்கியிடம் போனால், எது எதைச் சரி செய்தது என்றே தெரியாது.

100-க்குக் கீழே போக மனமில்லை. 70-ல் ரன்வே விளிம்பு மரங்கள் கண் முன்னாலேயே முளைக்கின்றன. மீதியை மற்ற இடங்களில் பிடுங்கினேன். கிரவுண்ட் ஏர்கிராஃப்ட் டென்சிட்டி 20, ஏர்போர்ட் வண்டிகள் 10, பணியாளர்கள் 0 (நடந்து போகும் ஆளை எந்த பைலட் பார்க்கிறார்?), இதில் 3 மில்லிசெகண்ட். கிளாஸ் காக்பிட் ரெஃப்ரெஷ் ரேட்டை (காக்பிட் திரைகள் புதுப்பிக்கும் வேகம்) மீடியத்துக்கு இறக்கியதில் 2. லோவுக்குப் போகாதீர்கள், ஸ்பீட் டேப் தவளை மாதிரி தாவும், அப்ரோச்சில் தலைவலி. ஃபோட்டோகிராமெட்ரியை அணைத்தால் இன்னும் 2 கிடைக்கும், ஆனால் தேம்ஸ் ஓரம் பொதுவான பெட்டிக் கட்டிடங்களாகிவிடும். ஹீத்ரோவுக்கு மட்டும் அணைக்கிறேன், மற்ற ஊர்களில் வைத்துக்கொள்கிறேன். மொத்தத்தில் 25, 26 என்று வந்து நின்றது.

அதன் பிறகுதான் எஃப்பிஎஸ்ஸுக்குப் பூட்டு. சிமுலேட்டருக்குள் வீசிங்கை அணைத்துவிட்டு, என்விடியா கண்ட்ரோல் பேனலில் வெர்ட்டிகல் சிங்க்கை "அடாப்டிவ், ஹாஃப் ரெஃப்ரெஷ் ரேட்" என்று வைத்தால் 60-ல் பாதி, சரியாக 30. சிம், டிரைவர், ரிவாட்யூனர் (எஃப்பிஎஸ் எல்லை போடும் கருவி) மூன்றிலும் வெவ்வேறு எல்லை போட்டுவிட்டு ஏன் திக்குகிறது என்று கேட்பவர்கள் நிறையப் பேர். ஒரு பூட்டுப் போதும். பூட்டுவதில் இன்னொரு லாபம், 26-ல் வேலை முடிந்தால் மீதி 7 மில்லிசெகண்ட் மெயின் த்ரெட்டுக்கு ஓய்வு, அடுத்துத் திடீரென வரும் சுமைக்கு அதுதான் சேமிப்பு. பூட்டாமல் விட்டால் மேலே 45-ல் ஓடிச் சேமிப்பையெல்லாம் மேலேயே தின்றுவிட்டுக் கீழே வந்து பட்டினி கிடக்கும்.

சில்லறைச் சமாச்சாரங்கள். டெக்ஸ்சர் அல்ட்ரா வைத்தால் 6 ஜிபி வீடியோ மெமரி ஏர்போர்ட்டில் நிரம்பி வழிகிறது. வழிந்தது சிஸ்டம் ராமுக்குப் போய்த் திரும்ப வரவேண்டும், அரை நொடி உறைவதில் ஒரு பங்கு இதுதான். ஹை போதும். ரோலிங் கேஷ் (இணையத்திலிருந்து இறக்கிய நிலக்காட்சியின் தற்காலிகச் சேமிப்பு) எஸ்எஸ்டியில்தான் இருக்க வேண்டும். வேர்ல்ட் அப்டேட் போட்ட பிறகு அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள். 16 ஜிபி ராமில் பேஜ் ஃபைலை அணைக்கச் சொல்லும் பழைய அறிவுரையைக் கேட்காதீர்கள், சிம் சொல்லாமல் டெஸ்க்டாப்புக்கு விழும். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யூஎஸ்பி ரூட் ஹப்பிலும் பவர் மேனேஜ்மெண்ட் டிக்கை எடுத்துவிடுங்கள். தூங்கிப்போன ஜாய்ஸ்டிக் விழிக்கும்போதும் ஒரு விக்கல் வரும்.

ஜாய்ஸ்டிக் என்றதும் நினைவு வருகிறது. ஃப்ரேம் எல்லாம் சீரான பிறகும் ஃபிளேரில் மூக்கு வெட்டி வெட்டி ஆடியது. அது ஸ்டட்டர் அல்ல, ஸ்டிக்கின் நிலையை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் (சுருக்கமாக பாட்) தேய்மானம். விண்டோஸில் ஜாய்.சிபிஎல் ஓட்டி, ஸ்டிக்கைப் பத்து நொடி எடுத்து மெதுவாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்த்திப் பாருங்கள். சிலுவைக் குறி நடுவில் எங்காவது குதித்தால் பாட் போய்விட்டது. டெட்ஸோனைக் கூட்டி இதை மறைக்க முடியாது, டெட்ஸோன் நடுப்புள்ளியைத்தான் காக்கும், குதிப்போ வேறெங்கோ இருக்கும். காண்டாக்ட் க்ளீனரை இடுக்கில் ஒரு பீச்சு, ஐம்பது தடவை ஆட்டல், சில மாதம் தாங்கும். துரு நீக்கும் எண்ணெயை அடிக்காதீர்கள், பிசுக்குத் தங்கி இன்னும் மோசமாகும்.

பாட்டையே மாற்றலாம் என்றால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 10கே லீனியர் சுலபமாகக் கிடைக்கும். மேலே "பி103" அல்லது "பி10கே" என்று இருக்கிறதா பாருங்கள். "ஏ" என்றால் லாக் வகை, ஆடியோ வால்யூமுக்கானது, கடையில் கேட்காமலே அதைத் தூக்கிக் கொடுப்பார்கள். ஒரு சிக்கல், சாதாரண பாட் 300 டிகிரி சுற்றும், ஸ்டிக் அசைவதோ மொத்தம் 60 டிகிரி. ஐந்தில் ஒரு பங்குதான் பயன்படும். 10-பிட் போர்டின் 1024 படிகளில் 205 மட்டும் மிச்சம். கேலிப்ரேட் செய்தால் முழு அளவு காட்டும், நுணுக்கம் திரும்பி வராது.

அதனால் பிட்ச் அச்சுக்கு 49ஈ ஹால் சென்சர் (காந்தப்புலத்தை அளப்பது) வாங்கி வைத்தாயிற்று. திரும்பும் தண்டில் இரண்டு சின்ன நியோடைமியம் காந்தம், எதிரெதிர் துருவம் உள்நோக்கி, நடுவில் அசையாத சென்சர். போர்டு தருவது 5 வோல்ட்டா 3.3-ஆ என்று மல்டிமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டிக் நடுவில் இருக்கும்போது வெளியீடு அதில் பாதி, 2.5 அல்லது 1.65, வரும்வரை காந்தத்தைத் திருப்பி, பிறகுதான் எபாக்சி. பிட்ச் முடிந்தது, ரோல் பாதியில் நிற்கிறது. ஏர்பஸ்ஸுக்கு சென்சிடிவிட்டி வளைவு நேர்கோடாகவே இருக்கட்டும், செஸ்னா 172-க்கு மட்டும் −30.

ட்விஸ்ட் ரட்டர்தான் (ஸ்டிக்கை முறுக்கி மூக்கை இடவலமாகத் திருப்பும் அச்சு) மிச்சம். அந்தத் தண்டுக்குள் காந்தம் வைக்க 4 மில்லிமீட்டர்கூட இடமில்லை. ஒரு பிராக்கெட்டை 3டி பிரிண்ட் செய்ய வேண்டும். அதுவரை 27ஆர்-ல் குறுக்குக் காற்று 8 நாட்ஸுக்கு (மணிக்கு எத்தனை கடல் மைல் என்ற வேக அளவு) மேல் வைப்பதில்லை.