டால்படில் மரத்தடி

இங்கிலாந்தின் டார்செட் பகுதிக்கு முதியோர் இல்ல வேலைக்கு வந்த புதிதில், கூட வேலை பார்க்கும் கேரளத்து அக்கா ஒரு தொழிற்சங்கப் படிவத்தை நீட்டினார். விசாவே முதலாளி கையில் இருக்கும்போது சங்கத்தில் சேர்ந்தால் என்ன ஆகுமோ என்று எனக்குப் பயம். அவர் வற்புறுத்தவில்லை. "ஞாயிற்றுக்கிழமை லீவுதானே? டால்படில் மரத்தைப் பார்த்துவிட்டு வருவோம், வா" என்றார்.

டால்படில் ஒரு கிராமம்; டார்செஸ்டர் நகரிலிருந்து காரில் சிறிது தூரம்தான். ஊர்ப் புல்வெளியில் நிற்கிறது அந்த சிக்கமோர் மரம். 2005-இல் ஆராய்ந்து, 1680-களில் முளைத்த மரம் என்று கணித்திருக்கிறார்கள். பாரம் தாங்காமல் பிளந்துவிடக் கூடாது என்று கிளைகளை வெட்டிக் குறைக்கிறார்கள்; அதனால் உயரம் அதிகமில்லை. அடிமரம் மட்டும் நல்ல பருமன். பட்டை செதில் செதிலாக உரிந்திருந்தது. வெட்டிய இடங்களில் கொத்துக் கொத்தாக இளங்கிளைகள்.

1830-களில் இங்கே பண்ணைக் கூலி வாரத்துக்கு 9 ஷில்லிங். அது 8 ஆகி, 7 ஆகி, இனி 6 தான் என்று பேச்சு வந்தது. ஜார்ஜ் லவ்லெஸ் என்ற பண்ணையாளும் அவருடைய கூட்டாளிகளும் இந்த மரத்தடியில் கூடிப் பேசி, 1833-இல் சங்கம் வைத்தார்கள். சங்கம் வைப்பது அப்போதே குற்றமில்லை. அதனால், கடற்படைக் கலகத்தை ஒட்டி 1797-இல் போட்ட சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, ரகசியப் பிரமாணம் எடுத்தார்கள் என்று ஆறு பேரை 1834 பிப்ரவரியில் பிடித்தார்கள். 7 ஆண்டு நாடு கடத்தல், ஆஸ்திரேலியாவுக்கு. அந்தத் தீர்ப்பைச் சொன்ன நீதிமன்ற அறை டார்செஸ்டரில் இன்னும் இருக்கிறது. வேலைக்குப் போகும்போது நான் கடந்துபோகும் கட்டடம்!

நான் கீழத்தஞ்சைக்காரி. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட வெண்மணியில் 44 பேர் எரிந்ததைச் சொல்லக் கேட்டு வளர்ந்தவள். வெள்ளைக்காரர்கள் என்றால் நம்மை ஆண்டவர்கள் என்றுதான் மனதில் பதிந்திருந்தது. அவர்கள் ஊரிலேயே கூலி கேட்டு விலங்கு பூட்டப்பட்டவர்கள் இருந்தார்கள் என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. யாரோ ஒருத்தியாகவே நடமாடிய இந்த ஊர் அன்றைக்குக் கொஞ்சம் நெருங்கி வந்தது. சங்கத்தைப் பற்றி அப்போதுதான் வாய் திறந்து கேட்டேன். அதில் சேர்வது இங்கே சட்டம் தரும் உரிமை, நமக்கும் சேர்த்துத்தான் என்று அக்கா பொறுமையாக விளக்கினார்.

லண்டனில் பெரிய ஊர்வலம், நாடெங்கும் கையெழுத்து மனுக்கள் என்று எழுந்த எதிர்ப்பில் 1836-இல் ஆறு பேருக்கும் மன்னிப்பு கிடைத்தது. திரும்பி வந்தவர்களில் ஐந்து பேர் அப்புறம் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஜேம்ஸ் ஹாமெட் மட்டும் டால்படிலிலேயே இருந்தார். பார்வை போன முதுமையில் ஏழைகள் விடுதியில் சேர்ந்து 1891-இல் இறந்தார். முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பதாலோ என்னவோ, எனக்கு அவரைத்தான் மறக்க முடியவில்லை. அவர் கல்லறை ஊர்த் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஜூலையிலும் தொழிற்சங்கக்காரர்கள் அங்கே மலர்வளையம் வைத்து, கொடிகளோடு ஊர்வலம் போகிறார்கள். அந்த வாரம் ஷிஃப்ட் மாற்றித் தரும்படி இப்போதே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.