சாட்சியைத் திருத்தி எழுதுகிறேன்

பிப்ரவரி 4

கணையத்தில் புற்றுநோய். கல்லீரலுக்கும் பரவிவிட்டது. எவ்வளவு நாள் என்று கேட்டேன். "மாசக் கணக்குல யோசிங்க" என்றார் டாக்டர். நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். எதற்கு நன்றி என்று வெளியே வந்த பிறகுதான் தோன்றியது.

இரவு 2 மணி. தூக்கம் வரவில்லை. சாவுக்குப் பயமில்லை என்று 23 வருடமாகச் சபையில் மைக் பிடித்துச் சாட்சி, அதாவது கடவுள் என்னை மாற்றிய கதை, சொன்னவன் நான். இப்போது உள்ளங்கை சில்லிட்டுக் கிடக்கிறது.

பிப்ரவரி 11

சபையிலிருந்து நாலு பேர் வந்து ஜெபித்தார்கள். நல்லவர்கள்தான். அதில் ஒருவர், "விசுவாசம் இருந்தா முழுச் சுகம் கிடைக்கும் பிரதர், சந்தேகத்துக்கு இடம் கொடுக்காதீங்க" என்றார். தலையாட்டினேன்.

அவர்கள் போனபின் யோசித்தேன். தன் உடம்பில் ஒரு முள் என்று சொன்ன வேதனையை எடுத்துவிடும்படி அப்போஸ்தலர் பவுல் கடவுளிடம் மூன்று தரம் கேட்டார், முள் போகவில்லை. பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்வார்களா? இயேசு எழுப்பிய லாசரு கல்லறையிலிருந்து வந்தான், சரி. அவனும் இன்னொரு முறை செத்திருப்பான். அந்த இரண்டாம் அடக்கத்தைப் பற்றி யோவான் ஒரு வரியும் எழுதவில்லை.

பிப்ரவரி 20

மார்ஃபின் தொடங்கியாயிற்று. வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாதாம். கடிகாரத்தைப் பார்த்து 4 மணி நேரத்துக்கு ஒரு தரம் விழுங்க வேண்டும். வயிறு கட்டிக்கொள்கிறது, அதற்குத் தனி மருந்து. சாட்சிகளில் யாரும் மலச்சிக்கலைச் சொல்வதில்லை.

முதலில் தயங்கினேன். சிலுவையில் அறையுமுன், வலி மரத்துப்போகக் கொடுத்த வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தை இயேசு வாங்கவில்லையே என்று. ஆனால் கடைசியில் தாகமாயிருக்கிறேன் என்று சொல்லி, நீட்டிய காடியை வாங்கிக்கொண்டார். எனக்கு அந்த இரண்டாவது போதும். இது சரியான வியாக்கியானமா என்று பாஸ்டரிடம் கேட்கப்போவதில்லை.

மார்ச் 2

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றும் நினைத்தேன்.

மகன்தான் குளிப்பாட்டுகிறான். முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தவனிடம், "உன்னை நிறைய அடிச்சிருக்கேன், மன்னிச்சிடுப்பா" என்றேன். தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினான்.

"பெல்ட்ட எப்போ நிறுத்துனீங்கன்னு ஞாபகம் இருக்காப்பா?"

"ரட்சிக்கப்பட்டதும் நிறுத்திட்டேனே."

"இல்லப்பா. நான் ஒன்பதாவது படிக்கும்போது. உங்க உயரத்துக்கு வளந்ததுக்கு அப்புறம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனம் திரும்பி நான் ரட்சிக்கப்பட்டபோது அவனுக்கு 8 வயது. அப்படியானால் இன்னும் ஆறு வருடம் அடித்திருக்கிறேன். 'அந்த நாளோடு என் கோபம் செத்தது' என்று சபையில் சொல்லிக்கொண்டே. அவனும் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பான்.

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிவிட்டான்.

மார்ச் 6

'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதிய ஜான் நியூட்டனின் கதை தெரிந்ததுதான். 1748-ல் கடலில் புயல், கப்பல் மூழ்கும் நிலை, கடவுளே என்று கூப்பிட்டார், மனம் திரும்பினார். நானே பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறேன். அதன்பிறகும் அடிமைகளை ஏற்றிப்போகும் கப்பல்களுக்குக் கேப்டனாக இருந்தார் என்பதைச் சொன்னதில்லை. 1754-ல் உடம்பு ஒத்துழைக்காமல்தான் கடல் தொழிலை விட்டார். அந்த வியாபாரத்தில் தன் பங்கை அறிக்கையிட்டு, அதைக் கண்டித்து அவர் அச்சிட்டது 1788-ல். புயலுக்கும் அதற்கும் நடுவே 40 வருடம்.

புயல் பொய்யில்லை. என் ஞாயிற்றுக்கிழமையும் பொய்யில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் விதை விழுந்த நாளையே அறுப்பு நாள் என்று அறிவித்துவிட்டேன்.

மார்ச் 15

88-ம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. மற்ற புலம்பல்கள்போல் கடைசியில் ஒரு துதி வருமென்று பார்த்தால் வராது. அதையும் வேதத்தில் விட்டுவைத்திருக்கிறார்களே, அது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. பவுலும் மரணத்தைக் கடைசிச் சத்துரு என்கிறார். நானும் சாவை நண்பன் என்று கொஞ்ச வேண்டியதில்லை.

பயம் போய்விட்டதா? இல்லை. ராத்திரியில் வருகிறது. ஆனாலும் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்: உயிர்த்தெழுந்தவர் தோமாவுக்குக் கையிலிருந்த காயத்தைக் காட்டினார். புது உடம்பிலும் அது மறையவில்லை. அப்படிப்பட்டவர் முன்னால் நிற்க, பாலிஷ் போட்ட சாட்சி எனக்குத் தேவைப்படாது.

மார்ச் 24

கை நடுங்குகிறது. நான் சொல்ல, மகன் டைப் செய்கிறான்.

அடக்க ஆராதனையில் வாசிக்கச் சாட்சியைத் திருத்தித் தந்தேன். பெல்ட் விஷயத்தையும் சேர் என்றேன். "அது வேண்டாம்பா, அத்தையெல்லாம் வருவாங்க" என்கிறான். சேர்த்தே ஆக வேண்டும் என்றேன்.

(சேர்த்திருக்கிறேன். அப்பா இப்போது தூங்குகிறார். அடுத்த மருந்து 6 மணிக்கு. அலாரம் வைத்திருக்கிறேன்.)