கேள்வி இல்லாத கொப்பி

கணித மாஸ்டர் காலமான செய்தி வந்த கிழமையே எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழுவிடமிருந்து அழைப்பு வந்துவிட்டது. "வெள்ளிக்கிழமை ஏழாம் பாடத்தைப் பற்றி நீதான் எழுதவேணும்" என்றார்கள். சரி என்றேன். அந்தப் பாடத்தில் இருந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பின்வாங்குக்காரர் கடைசியாக வந்து அமர்ந்ததும் மாஸ்டர் வெண்கட்டியை எடுப்பார். முன்பாடத்தின் எழுத்து இடது பக்கத்தில் அழிபடாமல் கிடக்கும். வலது பக்கத்தில் ஒரு விடையை மட்டும் எழுதிவிட்டுத் திரும்புவார். "விடை இருக்கு. கேள்வியைக் காணேல்லை. தேடுங்கோ பாப்பம்."

எனக்கு இன்றும் அப்படியே நிற்பது ஒரு பலகைதான். 9567, அதன் கீழே 1085, கோட்டுக்குக் கீழே 10652. வகுப்பே சிரித்தது. கூட்டல் கணக்கில் தேட என்ன இருக்கிறது? மாஸ்டர் கோபப்படவில்லை. தன்னுடைய செய்கையிலிருந்து இரண்டு வரிகளைப் பக்கத்தில் எழுதினார்: "விடையின் முதல் இலக்கம் ஏறி வந்தது, ஆகவே 1. அடுத்தது 0 அல்லது 1. 1 முடிந்துவிட்டது, ஆகவே 0."

சிரிப்பு நின்றது. சாதாரணக் கூட்டலில் ஒரு இலக்கம் எப்படி முடிந்துபோகும்? எத்தனை தடவையும் வரலாமே. அப்படியென்றால், ஒன்றுக்குக் கொடுத்த எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்கக்கூடாது என்று எங்கோ ஒரு விதி இருக்கிறது. ஆனால் அதே பலகையில் 1 இரண்டு இடத்தில் நிற்கிறது, 5 மூன்று இடத்தில் நிற்கிறது. முடிந்துபோனது எப்படித் திரும்பி வந்தது? மூன்றாம் வாங்கிலிருந்து ஒருவன் எழும்பினான். "சேர், அந்த இடத்திலையெல்லாம் ஒரே எழுத்து இருந்திருக்கு. எண்ணுக்குப் பதிலா எழுத்துப் போட்ட கணக்கு."

அதன் பிறகுதான் மாஸ்டர் கதையைச் சொன்னார். ஹென்றி டூடனி என்ற ஆங்கிலேயர் 1924இல் வெளியிட்ட புதிர் அது. செண்ட் (SEND), மோர் (MORE) என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களைக் கூட்டினால் மணி (MONEY) என்ற சொல் வரவேண்டும், எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம். அதோடு அவர் நிறுத்தவில்லை. எந்த எழுத்து எங்கெங்கே திரும்ப வந்தது என்பதை விடையிலிருந்து எடுக்கலாம், ஆனால் எந்தச் சொற்கள் என்பதை ஒருகாலமும் எடுக்க முடியாது என்றும் சொன்னார். எங்கே நிறுத்தவேண்டும் என்பதையும் சேர்த்துக் கற்பித்த ஆசிரியர் எனக்கு அவர் ஒருவர்தான்.

விடை தனியே நின்று கேள்வியைச் சொல்லாது, செய்கைதான் சொல்லும். அவரிடம் நான் படித்ததை இப்படித்தான் சொல்லத் தெரிகிறது. ஒவ்வொரு காரணத்துக்குள்ளும் புதிரின் ஒரு விதி ஒளிந்திருக்கும். காரணம் காட்டாமல் ஒரு எண் வந்து நின்றால் அது கேள்வியிலேயே கொடுக்கப்பட்டது. வேலைக்கு வந்த பிறகு, யாரோ எழுதிவைத்துவிட்டுப் போன குறிப்புகளை விளங்கிக்கொள்ள வேண்டிய ஒவ்வொரு தடவையும் நான் அந்த ஏழாம் பாடத்தில்தான் இருந்திருக்கிறேன்.

செத்தவீட்டு அலுவல்கள் முடிந்தபின் அவருடைய மகள் ஒரு பழைய கொப்பியின் பக்கங்களைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினா. "அப்பா கேள்வி ஒண்டையும் எழுதி வைக்கேல்லை அண்ணா. எல்லாம் செய்கைதான். உங்களுக்கு ஏதும் விளங்குதோ பாருங்கோ."

முதல் பக்கத்தில் எட்டு வரி, வரிக்கு மூன்று எண்.

8 0 0
3 5 0
3 2 3
6 2 0
6 0 2
1 5 2
1 4 3
4 4 0

வேறு ஒரு எழுத்தும் இல்லை. எந்த வரியைக் கூட்டினாலும் 8. ஒன்றும் உள்ளே வரவுமில்லை, வெளியே போகவுமில்லை, இடம் மட்டும் மாறுகிறது. ஒவ்வொரு அடியிலும் இரண்டு எண்கள்தான் மாறுகின்றன, மூன்றாவது அசைவதில்லை. நடுவிலுள்ளது 5ஐத் தாண்டுவதில்லை, கடைசியிலுள்ளது 3ஐத் தாண்டுவதில்லை. இதைவிட முக்கியமான ஒன்று பிறகுதான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு அடியும் முடியும்போது, கொடுத்த பக்கம் 0 ஆகிறது, இல்லாவிட்டால் வாங்கிய பக்கம் நிரம்புகிறது. பாதியில் நிறுத்திய அடி ஒன்றுகூட இல்லை. அளவுக்கோடு போடாத பாத்திரங்கள்! 5 கொள்ளும் ஒன்று, 3 கொள்ளும் ஒன்று, இன்னொன்றில் 8 இருக்கிறது. இவற்றை மட்டும் வைத்து எட்டைச் சரிபாதியாகப் பிரிக்கவேண்டும். நூற்றாண்டுக்கணக்காகக் கைமாறி வரும் புதிர்தான், ஆனால் புத்தகத்தில் படிப்பதும் இப்படிக் கண்டெடுப்பதும் ஒன்றல்ல. முதல் பாத்திரம் எட்டுத்தான் கொள்ளுமா, பெரிய பாத்திரத்தில் எட்டு இருந்ததா என்பதை இந்த வரிகளால் சொல்லமுடியாது. உள்ளே இருந்தது நீரா எண்ணெயா என்பதையும்தான். இதையும் எழுதி மகளுக்கு அனுப்பினேன். மாஸ்டர் இருந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

பிந்திய பக்கங்களில் சுடோக்கு: ஒன்பதுக்கு ஒன்பது கட்டங்களில், ஒவ்வொரு நிரையிலும் நிரலிலும் மூன்றுக்கு மூன்று பெட்டியிலும் 1 முதல் 9 வரை ஒவ்வொரு தடவை வரும்படி நிரப்பும் புதிர். நிரப்பி முடித்த கட்டங்களைப் பார்த்தால் 81 எண்களும் ஒரேமாதிரித்தான் தெரியும், எவை அச்சில் வந்தவை என்று சொல்லவே முடியாது. நிரம்பிய ஒரு கட்டத்துக்குக் கேள்விகள் எத்தனையோ இருக்கலாம். மாஸ்டரோ பக்கத்தில் வரிசையாகக் காரணம் எழுதியிருந்தார்: இந்தக் கட்டத்தில் 7, ஏனென்றால் அந்த நிரலில் வேறு இடமில்லை. காரணம் உள்ள கட்டங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு போனேன். அழிபடாமல் மிஞ்சியவைதான் கேள்வி. ஒரு பக்கத்தின் கீழ்மூலை கிழிந்துபோயிருந்தது, அங்கிருந்த காரணங்கள் இல்லை. அதனால் மிஞ்சியவற்றில் சில உண்மையில் அவர் கண்டுபிடித்தவையாக இருக்கலாம். ஒன்றை எடுத்துப் பார்ப்பேன், மற்றவற்றை வைத்து விடை இன்னும் ஒன்றுதானா என்று சரிபார்ப்பேன். ஒன்றுக்கு மேல் வந்தால் அது கட்டாயம் கொடுக்கப்பட்டது. ஒன்றே வந்தால் நிச்சயமில்லை, இருந்தும் இருக்கலாம். எப்படியும் 17க்குக் கீழே போகமுடியாது. அதற்குக் குறைந்த எண்களைக் கொடுத்து ஒரே விடையுள்ள சுடோக்கு அமைக்கமுடியாது என்று 2012இல் அயர்லாந்தில் கேரி மக்குவயர் குழுவினர் கணினியில் தேடி உறுதிப்படுத்தினார்கள்.

ராமானுஜனைப் பற்றி மாஸ்டர் அடிக்கடி சொல்வார். காகிதம் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் செய்து, முடிவை மட்டும் கொப்பியில் எழுதி, சிலேட்டை முழங்கையால் அழித்துவிடுவாராம். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் 1976இல் ஜோர்ஜ் அன்ட்ரூஸ் கண்டெடுத்த தாள்களிலும் சூத்திரங்கள்தான், நிறுவல் இல்லை. எவ்வளவோ பேர் பல வருடம் உழைத்து அவற்றை நிறுவினார்கள். அந்த அழிபட்ட சிலேட்டை நினைத்து மாஸ்டர் உண்மையாகவே கவலைப்படுவார். தன்னுடைய செய்கையில் ஒரு வரியையும் அவர் அழிக்காததற்கு அதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். கேள்வியை எழுதாமல் விட்டதும் தெரிந்துதான் செய்திருப்பார். அது எங்களுடைய பங்கு.

கொப்பியின் ஓரங்களில் பெயர்கள் இருக்கின்றன. கேள்வியை முதலில் கண்டுபிடித்தவருடைய பெயர். எட்டு வரிப் பக்கத்தின் ஓரத்தில் இருப்பவர் இந்தச் சங்கத்தில்தான் இருக்கிறார். என் பெயரும் ஒரு பக்கத்தில் இருக்கிறது. பார்த்தபோது என்னால் அடக்கமுடியவில்லை. பிறகு எங்கள் பெயர்கள் நின்றுபோகின்றன. நாங்கள் ஒவ்வொருவராகப் புறப்பட்ட காலம் அது. அதற்குப் பிறகு எனக்குத் தெரியாத பிள்ளைகளின் பெயர்கள் வருகின்றன. சுடோக்குப் பக்கங்களுக்கு வந்தால் ஓரம் வெறுமையாக இருக்கிறது. ஓய்வுபெற்ற பிறகும் அவர் அதே ஒழுங்கில், வரிக்கு வரி காரணம் எழுதியிருக்கிறார், தேடுவதற்கு எதிரில் ஒருவரும் இல்லாமல். வெளியே வந்ததால் எங்களுக்குக் கிடைத்தது நிறைய. அந்த வெறும் ஓரங்களைப் பார்க்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமையாவது அவருக்கு எதிரில் போய் இருந்திருக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

பக்கங்களின் படங்கள் என்னிடம் இருக்கின்றன, கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன். பழைய கொப்பி யாராவது வைத்திருந்தால் தயவுசெய்து மலர்க்குழுவுக்குத் தெரியப்படுத்துங்கள், சில பக்கங்களை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டியிருக்கிறது. இன்னும் ஒரு பக்கத்தில் இரண்டே வரி, ஓரத்தில் பெயர் இல்லை: "2, 1, 10, 2, 2. மொத்தம் 17. மற்ற வழி 2, 1, 5, 1, 10. மொத்தம் 19, கூடாது." நான் ஒரு கேள்வியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன், நான்கு பேரும் ஒரு விளக்கும் வருகிற கேள்வி. உங்களுக்கு வருவது அதுதானா என்று எழுதுங்கள்.