மூடுபனியில் கோன் வாங்காதீர்கள்

எங்கள் குன்னூரில் ஐஸ்கிரீமுக்கு எதிரி வெயில் இல்லை, ஈரம். கீழே மேட்டுப்பாளையத்தில் கோன் வாங்கினால் உருகி முழங்கை வரை வழியும். இங்கே ஜூலையில் அவ்வளவு சீக்கிரம் உருகாது. ஆனால் மூடுபனி இறங்கியிருந்தால் நாலு வாய் வைப்பதற்குள் பிஸ்கட் நமத்துப்போய், சுற்றியிருக்கும் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஊர் மொறுமொறு வர்க்கியை டப்பாவில் போடாமல் வைத்தால் ஆகும் அதே கதிதான். மழைக்காலத்தில் கோன் கேட்பவர் யாராக இருந்தாலும் வெளியூர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு எங்கள் தெருமுனையில் ஒரு லோடு ஆட்டோ வந்து நிற்கும். பின்னால் ஃப்ரீசர் பெட்டி, மேலே கலர் குடை, கையில் அமுக்கும் பாம் பாம் ஹாரன். ஓட்டிவரும் அண்ணனுக்கு இரண்டு பருவமழையும் அத்துப்படி. ஜூனில் தென்மேற்கு மழை கூடலூர் வழியாக ஏறி ஊட்டியை நனைக்கும்போது வண்டியைக் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் திருப்பிவிடுவார். தொட்டபெட்டா மலை குறுக்கே நிற்பதால் இந்தப் பக்கம் மழை குறைவு. ஐப்பசியில் எல்லாம் தலைகீழ். வடகிழக்கு மழை எங்களைத்தான் போட்டுத் தாக்கும். மண் சரிந்து மலை ரயிலே நின்றுபோகும். அப்போது அவர் ஊட்டிக்கு ஏறிவிடுவார்.

அந்தப் பெட்டியில் பகலில் மோட்டார் எதுவும் ஓடுவதில்லை. சுவருக்குள் உப்புக் கரைசல் அடைத்த தகடுகள். ராத்திரி முழுக்க வீட்டுக் கரண்டில் போட்டு அவற்றை உறைய வைத்தால், பகல் முழுக்கக் குளிர் தாங்கும். ஆடிக் காற்றில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) ஒயர் மேல் விழுந்து கரண்ட் போன மறுநாள் அண்ணன் கப் ஐஸ் எடுத்துத் தரமாட்டார். உருகி மறுபடி உறைந்த ஐஸ்கிரீமில் பனிப்பரல் பெரிதாகி நாக்கில் நறநறக்கும். "அது வேண்டாங்க்கா, சேமியா ஐஸ் வாங்கிக்கங்க" என்பார். நானும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வேன்.

மே மாதத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சிம்ஸ் பூங்காவில் பழக்கண்காட்சி, ரோடெல்லாம் கார், ஐஸ் வண்டியைச் சுற்றிக் கூட்டம். உள்ளூர்க்காரர்கள் வீட்டிலேயே இருந்துகொள்வோம்.

என்னைக் கேட்டால், கோன் சாப்பிடத் தை மாதம்தான். ராத்திரி ஊட்டி தலைகுந்தாவில் புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கும். பகலில் ஒரு மேகம் இருக்காது. வெயிலில் நின்றால் முதுகு சுடும், நிழலுக்கு நகர்ந்தால் பல் கிட்டும். காற்றில் ஈரமே இல்லாததால் கோன் கடைசித் துண்டு வரை மொறுமொறுவென்று இருக்கும். ஒரே தொல்லை, ஐஸ் கல்லாகக் கிடக்கும். அவசரப்பட்டுக் கடித்தால் நாக்கு மரத்து இனிப்பே தெரியாது. வெயிலில் நின்று, ஓரம் கொஞ்சம் இளகட்டும் என்று பொறுத்திருந்தால் அப்புறம்தான் பாலும் ஏலக்காயும் தனித்தனியாகத் தெரியவரும். சளி பிடிக்கும் என்று அம்மா இன்றைக்கும் திட்டுவார். அவர் திட்டட்டும்.

மழை நாளிலும் வியாபாரம் இல்லாமல் இல்லை. பிள்ளைகள் ஸ்வெட்டர் கையை இழுத்து விரலை மூடிக்கொண்டு, அதற்குள் ஆரஞ்சு குச்சி ஐஸைப் பிடித்தபடி நடுங்கி நடுங்கிச் சப்புவார்கள். ஆரஞ்சுச் சாயம் முதலில் ஸ்வெட்டருக்கு, அப்புறம்தான் நாக்குக்கு. அண்ணன் வீட்டில் மழை முடியும்வரை வண்டியில் சோளம் வேகவைத்து விற்கச் சொல்கிறார்களாம். அவர் மசியவில்லை. "சோளம் விக்க ஊரே இருக்குதுங்க்கா. மழையில ஐஸ் விக்க நான் ஒருத்தன்தானே?"