இரணைமடு நீலம்

நேற்று ஒரு சிறுவர் கதைப் புத்தகத்துக்கான 24 படங்களையும் அனுப்பி முடித்தேன். காசும் கைக்கு வந்துவிட்டது. இனி யாராவது "என்ன வேலை தம்பி?" என்று கேட்டால், "படம் கீறுகிறேன்" என்று தயங்காமல் சொல்வேன்.

கிளிநொச்சியில் எனக்குக் கீறப் பழக்க ஆள் இருக்கவில்லை. போனில் ஐபிஸ் பெயின்ட் என்ற படம் கீறும் செயலியைப் போட்டு விரலாலேயே தொடங்கினேன். அப்புறம் ஒரு பழைய லப்டொப், சின்ன டப்லெட், இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா என்ற படம் கீறும் மென்பொருள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் போன்ற லேயர் பிடிபட்ட நாள் இன்னும் நினைவிருக்கிறது. கோடு ஒன்றில், நிறம் அதற்குக் கீழே, நிழல் இன்னொன்றில். பிழைத்தால் அந்த ஒன்றை மட்டும் அழிக்கலாம். கொப்பித் தாள் கிழியக் கிழிய அழித்தவனுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

அச்சு வேறு உலகம். என் முதல் அட்டைப்படத்தில் இரணைமடுக் குளத்துத் தண்ணீருக்கு மின்னும் நீலம் கொடுத்திருந்தேன். சாம்பல் பூசியதுபோல மங்கி வந்தது. அச்சகத்து அண்ணைதான் இருத்திவைத்துச் சொல்லித் தந்தார்: திரையில் இருப்பது சிவப்பு, பச்சை, நீலம் கலந்த ஆர்ஜிபி ஒளி, தாளில் விழுவது சியான், மெஜென்டா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு நிற சிஎம்வைகே மை, திரையில் தெரிகிற சில நீலமும் பச்சையும் மையில் வராது. அச்சுக்கு ஓர் அங்குலத்தில் 300 புள்ளி வேண்டும் என்கிற 300 டிபிஐ கணக்கும் அவரிடம்தான் படித்தேன்.

கையைக் கீற மட்டும் எந்தக் காணொளியைப் பார்த்தும் பழக முடியவில்லை. அம்மம்மா பனையோலைப் பெட்டி இழைக்கையில் பெருவிரல் நகம் ஓலையை அழுத்தும், சுட்டுவிரல் அடுத்த ஓலையைத் தூக்கும். மூன்று மாலை பக்கத்தில் குந்தியிருந்து கீறினேன். "என்னடா, என்ர கையையே பாக்கிறாய்?" என்றா.

புத்தகத்தின் 17ஆம் பக்கத்தில் இருப்பது அந்தக் கைதான்.